சொந்த வாழ்க்கையை நாவலாக்குவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து இந்தோசீனா போனவர். அவரை வைத்து நாவல் எழுதுகிறேன். பெயரை மாற்றினால் போதுமா? (முத்தியால்பேட்டை)

பதில்: போதாது. பட்டப்பெயர், வீடு இருக்கும் தெரு, பிள்ளைகள் எத்தனை பேர், உடம்பில் உள்ள குறை இவைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் மூன்று சேர்ந்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நடையைத் தாத்தாவிடம் எடுங்கள், பேச்சை வேறொருவரிடம் எடுங்கள். பென்ஷன் வாங்குகிற தாத்தாவையே அவருடைய மனைவியாக, கணவனை இழந்தவளாக மாற்றிப் பாருங்கள். அடையாளமும் மறையும், கதைக்கும் புதுப் பார்வை கிடைக்கும்.

ஊரையும் ஆண்டையும் மட்டும் தொடாதீர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாக இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட வீட்டில் எத்தனை கசப்பு இருந்திருக்கும்! ஆளை மறைப்பதற்காகக் கதையை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனால் அந்த முடிச்சே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: சுனாமி, தானே புயல் இரண்டையும் என் கதாநாயகி பார்க்கிறாள். எதைக் கவனிக்க வேண்டும்? (தேவனாம்பட்டினம்)

பதில்: முதலில் வயதுக் கணக்கு. ஒரு தாளில் ஆண்டு, கதாபாத்திரத்தின் வயது, அப்போது வீட்டில் யார் யார் என்று மூன்று பத்தி போடுங்கள். அவள் 2001-இல் பிறந்தவள் என்றால் சுனாமியின்போது வயது மூன்று. அலையின் உயரம் அவள் நினைவில் இருக்காது. ஆயா சொல்லிக் கேட்டதாகத்தான் எழுத முடியும். தானே அடித்தபோது பத்து வயது, அதை நேராகவே எழுதலாம். இரண்டும் டிசம்பர் கடைசி வாரம் என்பதால் நினைவில் கலந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. புயல் எதுவும் இல்லாமல் கடல் ஊருக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த காற்று. சுனாமிக் காட்சியில் புயல்காற்றை வீசவிட்டால் கடலோரத்து வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கேள்வி: அப்பா திடீரென்று தோப்பை விற்றது நிஜமாக நடந்தது. படித்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள். (பண்ருட்டி)

பதில்: நடந்தது என்பது உங்களுக்குச் சாட்சி, வாசகருக்கு இல்லை. இரண்டு அத்தியாயம் முன்பே ஒரு தடயம் வையுங்கள்: அடகுக்கடை ரசீது, அல்லது வழக்கமாக வரும் முந்திரி வியாபாரி அந்த வருஷம் வராதது. காரணம் கடைசிவரை தெரியவில்லை என்றால், அது தெரியாமல் தவிக்கிற ஒருவரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: 'யாவும் கற்பனையே' என்று போட்டால் வழக்கு வராதா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஆள் அடையாளம் தெரிந்தால் அந்த வரி காப்பாற்றாது. 2024 ஜூலையிலிருந்து அவதூறுக்கு, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் அது அவதூறாகலாம். அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: 'நான்' என்று எழுதுவதா, 'அவள்' என்றா? (கடலூர் முதுநகர்)

பதில்: இரண்டு பக்கம் 'நான்' என்று எழுதி, அப்படியே 'அவள்' என்று மாற்றிப் படியுங்கள். "கொல்லைக் கதவைத் திறந்ததும் பயம் வந்தது" போன்ற வரிகள் அப்போது வெறுமையாக நிற்கும். கதவுக்குப் பின்னால் கெடிலம் ஓடுவதும், அங்கே என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு மட்டுமே தெரியும், எழுதிய தாளில் இருக்காது. அந்த வரிகளை அடிக்கோடிட்டு, விட்டுப்போனதை எழுதிச் சேருங்கள். பிறகு 'நான்', 'அவள்' எதில் எழுதினாலும் கதை ஓடும்.