முள் கத்தரியில் காய்த்துளைப்பான்: மூன்று மருந்து அடித்தும் அடங்காதது ஏன்?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கரில் இலவம்பாடி முள் கத்தரி வைத்திருக்கிறேன். குருத்து வாடுகிறது, காயிலும் புழு இருக்கிறது. மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தும் கேட்கவில்லை. இரண்டு டப்பாக்களில் குயினால்பாஸ், ஒன்றில் டைமெத்தோயேட் என்று எழுதியிருக்கிறது. லேபிளில் சிவப்பு முக்கோணம் உள்ள மருந்துதான் வேகமாக வேலை செய்யும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இதுவரை நீங்கள் மாற்றியது டப்பாவைத்தான்; மருந்தின் வகை மாறவே இல்லை. குயினால்பாஸ், டைமெத்தோயேட் இரண்டுமே ஆர்கனோபாஸ்பேட் வகை. பூச்சியின் நரம்பில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கிக் கொல்பவை. ஒன்றைத் தாங்கிப் பிழைத்த புழுக்களின் சந்ததிக்கு மற்றதையும் தாங்குவது எளிது. அதோடு, முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள் புகுந்துவிடுவதால், வாடிய பிறகு அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்.

முக்கோணத்தின் நிறம் பூச்சியைக் கொல்லும் திறனைக் காட்டுவதன்று. மனிதருக்கும் கால்நடைக்கும் உள்ள ஆபத்தைக் காட்டுவது. ஆய்வு விலங்குகளுக்கு வாய்வழி கொடுக்கும்போது, கிலோ எடைக்கு 1 முதல் 50 மில்லிகிராமிலேயே பாதி இறந்தால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்துள்ளன. இந்தத் துளைப்பானுக்கு நன்கு வேலை செய்யும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (திரவ வடிவ மருந்து) பச்சை முக்கோணம் பெற்றது. புழுவின் தசையில் கால்சியத்தைக் கட்டுப்பாடின்றி வெளியேற்றி, அது தின்பதை நிறுத்திவிடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி. போதும். ஆனால் அடித்தபின் காய் பறிக்க 22 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், சில நாளுக்கொரு முறை பறிக்கும் கத்தரியில் காய்ப்புக்கு முன்பு மட்டுமே அது பொருந்தும். பறிப்புக் காலத்தில் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (நீரில் கரையும் குருணை) மருந்தை 10 லிட்டருக்கு 4 கிராம் கலந்து அடியுங்கள்; 3 நாள் கழித்துப் பறிக்கலாம். சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாறுறிஞ்சும் பூச்சிகள் பெருகும் என்பதால் அவற்றைத் தவிருங்கள்.

மருந்தைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. வாடிய குருத்தையும் துளைபட்ட காயையும் வாரந்தோறும் கிள்ளியெடுத்து, வரப்பில் போடாமல் அழித்துவிடுங்கள். ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் உங்கள் அரை ஏக்கருக்கு 3 வையுங்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் உதவும். சந்தேகம் இருந்தால் வாடிய குருத்தோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் சென்று காட்டுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மத்தியப் பதிவுக் குழுவில் பதிவாகாத மருந்தையோ உரிமம் இல்லாமலோ ஒருவர் விற்க முடியாது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்பதும் அந்தப் பதிவிலேயே அடங்கும். தம் சாகுபடி நிலத்தில் மருந்தைப் பயன்படுத்தும் உழவருக்கு 38ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்றாலும், காயில் தங்கும் நஞ்சின் அளவை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தனியே வரையறுக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள் கத்தரிக்கு அந்த எச்சம் கெட்ட பெயர் தேடித் தரக்கூடாது என்பதே என் கவலை. எனவே லேபிளில் கத்தரியும் காத்திருப்பு நாளும் உள்ளனவா என்று பார்த்து, தொகுதி எண்ணோடு ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்து போலி என்று தோன்றினால், வட்டார வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுத்து, பூச்சிக்கொல்லி ஆய்வாளரை மாதிரி எடுக்கச் செய்ய அந்த ரசீதுதான் ஆதாரம்.