அறிந்தவர் ஏன் கேட்கிறார்?

வணக்கம்.

'என் நாவில் சொல் பிறக்கும் முன்பே நீர் அதை அறிந்திருக்கிறீர்' என்கிறது 139ஆம் சங்கீதம். ஆனால் ஆதியாகமத்தில் கடவுள் ஆதாமிடம் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்கிறார். சோதோம் நகரில் நடப்பதை இறங்கிப்போய்ப் பார்த்து அறிவேன் என்கிறார். கடவுள் சொன்னபடி மகனைப் பலியிட ஆபிரகாம் கத்தியை எடுத்த பிறகு, 'நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று இப்பொழுது அறிந்திருக்கிறேன்' என்று வானத்திலிருந்து குரல் வருகிறது. அப்படியானால் அதுவரை தெரியாதா? தெரியும் என்றால் அந்தத் தகப்பனை மூன்றாம் நாள் வரை நடக்க வைத்தது எதற்கு? யாரிடம் கேட்டாலும் 'விசுவாசியுங்கள்' என்று வாயை அடைக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்டதில் தவறே இல்லை. ஊன்றி வாசிப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். 2ஆம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்ற கிறிஸ்தவப் போதகர் ஆதாமைக் கூப்பிட்ட அதே வரியைக் காட்டி, பழைய ஏற்பாட்டின் கடவுள் அறியாமை உடையவர் என்று வாதிட்டார். தானாக முன்வந்து ஒப்புக்கொள்ள ஆதாமுக்குக் கொடுத்த வாய்ப்பு அது என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் பதில் எழுதினார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைவிட வலுவான சான்று ஆதியாகமத்திலேயே இருக்கிறது.

16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்ப்பிணியான ஆகார் எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு நீரூற்றருகே இருக்கிறாள். கடவுளின் தூதன் வந்து, 'சாராயின் அடிமைப்பெண்ணாகிய ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?' என்கிறார். அவள் பெயர் தெரியும், எஜமானி யார் என்பதும் தெரியும். பிறகு எங்கிருந்து வருகிறாள் என்பது மட்டும் தெரியாமலா இருக்கும்? அவள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள்: எஜமானியை விட்டு ஓடிப்போகிறேன். எங்கே போகிறேன் என்று சொல்ல அவளுக்கு இடமே இல்லை. கேள்வி கேட்டவரைப் பற்றி அவள் கடைசியில் சொல்வது 'நீர் என்னைக் காண்கிற தேவன்'. அதுவரை அந்தக் கதையில் அவளிடம் அவள் நிலைமையை விசாரித்தவர் ஒருவரும் இல்லை. கேட்பதும் காண்பதும் அவளுக்கு முரணாகப் படவில்லை.

சோதோமும் இப்படித்தான். குற்றத்தை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நீதிபதிகளுக்குக் கற்பிக்கவே கடவுள் இறங்கிப்போனார் என்று 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி எழுதினார். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். 'இறங்கிப்போய்ப் பார்ப்பேன்' என்று சொன்னதால்தான் ஆபிரகாமுக்குப் பேச வாய் வருகிறது. 50 நீதிமான்கள் இருந்தால் என்று ஆரம்பித்து 45, 40, 30, 20, 10 வரை கொண்டுவந்து விடுகிறான். 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். எனக்கு எல்லாம் தெரியும், தீர்ப்பு எழுதியாயிற்று என்று சொல்லும் ஒருவரிடம் இப்படி வாதாட முடியுமா? தமக்குத் தெரியும் என்பதை மட்டும் வைத்து இந்தக் கடவுள் யாரையும் தண்டிப்பதில்லை. மனிதன் வாய் திறக்கவும் செய்து காட்டவும் இடம் விடுகிறார். அவருக்குத் தெரியாததுபோல் தோன்றும் இடங்களில் பெரும்பாலானவை எனக்கு இப்படித்தான் புரிகின்றன.

மனிதனுக்குப் புரியும்படி கடவுள் தம்மைத் தாழ்த்திப் பேசுகிறார் என்று 16ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வின் சொன்ன விளக்கமும் உண்டு. உண்மைதான். ஆனால் எந்த வசனத்துக்கும் அதையே சொல்லிவிட்டுக் கடந்து போகலாம் என்பதால், அந்த விளக்கத்தோடு நின்றுவிட எனக்கு மனம் வருவதில்லை.

வெவ்வேறு காலத்து ஏடுகளைச் சேர்த்துத் தொகுத்ததால் வந்த முரண் என்று ஆய்வாளர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1 சாமுவேல் 15ஐப் பாருங்கள். சவுலை ராஜாவாக்கியதற்காகக் கடவுள் மனஸ்தாபப்படுகிறார், அதாவது வருந்துகிறார் என்று 11ஆம் வசனம் சொல்கிறது. மனஸ்தாபப்பட அவர் மனிதன் அல்ல என்கிறது 29ஆம் வசனம். 35இல் மறுபடியும் மனஸ்தாபப்படுகிறார். ஒரே அதிகாரத்துக்குள் இருப்பதைத் தொகுத்தவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தேதான் இரண்டையும் வைத்திருக்கிறார். சவுலின் வீழ்ச்சி கடவுளை வருத்தியது என்பதையும் அவர் சொல் தவறாதவர் என்பதையும் விட்டுக்கொடுக்கத் தொகுத்தவருக்கு மனமில்லை.

வேறு மரபுகளும் இதைச் சுற்றி வந்திருக்கின்றன. படைப்பு எங்கிருந்து வந்தது என்பது மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்கும், ஒருவேளை அவனுக்கும் தெரியாமலிருக்கலாம் என்று ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்து 129ஆம் பாடல் முடிகிறது.

இனி, ஆபிரகாம். உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி அதுதான். அந்தச் சோதனை கடவுள் அறிந்துகொள்வதற்காக அல்ல, இறைபக்தி எதுவரை போகும் என்று மக்கள் அறிவதற்காக என்றார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ். கடவுளின் அறிவைப் பொறுத்தவரை அது போதுமான பதில். கட்டப்பட்டுக் கிடந்த மகன் ஈசாக்கைப் பொறுத்தவரை போதாது. உலகத்துக்குப் பாடம் சொல்ல ஒரு பிள்ளையைப் பலிபீடத்தில் கிடத்துவதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு எரேமியா 32:35ஐப் படியுங்கள். இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தவர்களைப் பற்றி, நான் இதைக் கட்டளையிடவில்லை, இது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார் கடவுள். சர்வஞானத்துக்கு எதிரான வசனம் என்று இதையும் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிள்ளைப்பலியின் மீது அவர் கொண்ட அருவருப்பு. ஆபிரகாமின் கத்தி தடுக்கப்பட்ட இடத்தை நான் இந்த வசனத்தோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

அன்புடன்