கணவருக்கு வட கரோலினாவுக்கு மாற்றல். என் ஓட்டுநர் உரிமம் டெக்சாஸில் வாங்கியது. கைத்துப்பாக்கியை மறைவாக எடுத்துச் செல்லும் அனுமதியை எந்த மாநிலத்தில் கேட்க வேண்டும்?

வட கரோலினாவில்தான், அதுவும் நீங்கள் குடியிருக்கும் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஷெரிஃபிடம், அதாவது அங்குள்ள காவல் தலைவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வரியில் முடிய வேண்டிய இந்த விடை 2021 இல் எனக்குக் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கணவர் முழுநேரப் பணியில் இருக்கும் படைவீரர் என்றும், நீங்கள் 21 வயது நிறைந்த, கிரீன் கார்டாவது வைத்திருக்கும் ஒருவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் முதலான சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு: நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை. ஊரை விட்டுத் தள்ளியிருந்த வாடகை வீட்டில், கணவர் ஒன்பது மாதம் வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது தனியாக இருந்தவள் நான். தேவையா இல்லையா என்பதை நான் முடிவு செய்துகொண்டேன். இங்கே கேட்கப்பட்டிருப்பது சட்டம் பற்றிய கேள்வி.

என் கணவர் டெக்சாஸில் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாகப் படையில் சேர்ந்தவர். (2009 இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2016 இல் நிறுத்தப்பட்டது.) வட கரோலினாவுக்கு மாற்றலாகி வந்த பிறகும் எங்கள் இருவரிடமும் டெக்சாஸ் ஓட்டுநர் உரிமமே இருந்தது. முதலில் அவர் ஷெரிஃப் அலுவலகத்தில் இந்த அனுமதிக்கு விண்ணப்பித்தார். ராணுவ அடையாள அட்டையையும் மாற்றல் ஆணையையும் காட்டியவுடன் வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, எட்டு மணி நேரத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழோடு அதே அலுவலகத்துக்கு நான் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்மணி என் உரிமத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் அல்லவே" என்றார். ஒரே வீடு, ஒரே வாடகை ஒப்பந்தம், அதில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது என்று சொன்னேன். "அவர் ராணுவம். உங்களுக்கு எந்த ஆணையும் இல்லை. உரிமத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

மாற்றிக்கொள்வது சின்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டிலிருந்தபடியே சம்பாதித்துக்கொண்டிருந்த எனக்கு அது சின்ன வேலையாக இல்லை. படைவீரரின் மனைவியோ கணவரோ, அவரோடு வேறு மாநிலத்துக்கு இடம் பெயர்ந்தாலும் வரிக்கும் வாக்குக்கும் பழைய மாநிலத்தையே சொந்த மாநிலமாக வைத்துக்கொள்ள 2009 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. வட கரோலினாவில் அப்போது 5.25 சதவீதம். புதிய மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுப்பது, இனி இதுதான் என் மாநிலம் என்று நானே எழுதிக் கொடுக்கும் சாட்சியாக ஆகிவிடலாம். ஒரு கவுண்டரில் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஆண்டுதோறும் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஒருவரைக் குடியிருப்பவர் என்று சொல்ல மூன்று இடங்களில் மூன்று அளவுகோல்கள் இருப்பதும், கவுண்டரில் அவற்றைக் கலந்துவிடுகிறார்கள் என்பதும் அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தன. வரிக்கான அளவுகோல் மேலே சொன்னது. துப்பாக்கி வாங்குவதற்கு உள்ளது கூட்டாட்சிச் சட்டத்தின் அளவுகோல்: முழுநேரப் படைவீரர், தம் நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலத்தில் குடியிருப்பவராகவே கருதப்படுவார். இதில் மனைவியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஒரு சொல்லும் இல்லை. 2022 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டம்தான் வாழ்க்கைத் துணையையும் அதில் சேர்த்தது, அதுவும் ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வாங்குவதற்கு மட்டும். மறைவாக எடுத்துச் செல்லும் அனுமதி முழுக்க முழுக்க மாநிலத்தின் சட்டம். வட கரோலினாச் சட்டத்தில் தகுதிகளைச் சொல்லும் பிரிவு, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன் 30 நாளாவது மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்கிறதே தவிர, இந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை.

அந்தப் பிரிவை அச்செடுத்து, 30 நாள் என்ற வரியில் மஞ்சள் கோடு போட்டு, வாடகை ஒப்பந்தம், இரண்டு மின்கட்டண ரசீதுகள், என் பெயரும் இருந்த மாற்றல் ஆணை எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு மறுபடி போனேன். மேலதிகாரி ஒருவர் உள்ளேயிருந்து வந்து படித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதே உரிமத்தோடு வந்த என் கணவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதோடும் முடியவில்லை. வகுப்புச் சான்றிதழில் பயிற்சியாளர் என் அப்பாவின் பெயரை முதற்பெயராக அடித்திருந்தார். முதலெழுத்து மட்டும் போட்டுப் பழகிய நமக்கு இந்த நாட்டில் எந்தப் படிவமும் ஒத்துவருவதில்லை. அதைத் திருத்தி வாங்க மேலும் இரண்டு வாரம். ஆவணங்களும் மனநல மருத்துவப் பதிவுகளும் வந்து சேர்ந்த 45 நாளுக்குள் ஷெரிஃப் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவுகள் வந்து சேரவே நாளாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. டெக்சாஸ் அனுமதி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் வட கரோலினா அதை ஏற்றுக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த அனுமதிக்கே விலக்குத் தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர் என்றால் உள்ளூர் அனுமதியே நல்லது. நான் வாங்கிய அனுமதியும் படைத்தளத்தின் வாயிலோடு நின்றுவிட்டது. உள்ளே தளபதியின் விதிதான். தளத்து மருத்துவமனைக்கும் கமிசரிக்கும் (தளத்து மளிகைக் கடை) போகும் நாட்களில், அதாவது வாரத்தில் பாதி நாட்கள், அந்தத் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்தான் இருந்தது.