பாறைக்கு நடுவில் ஒரு பிளவு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். அர்ச்சுனன் தபசு முன்னால் வெகுநேரம் நின்றும் எனக்கு அது பிடிபடவே இல்லை. கொஞ்ச நாள் ஓவிய வகுப்புக்குப் போனவள் நான். முக்கியமான உருவத்தை முன்னால் பெரிதாக வை, மற்றதைப் பின்னால் மங்கலாக விடு என்றுதான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பாறையில் எது முன்னால், எது பின்னால் என்றே தெரியவில்லை. பின்னணியே இல்லாமல் ஒரு காட்சி இருக்க முடியுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பின்னணி இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள்.

உங்கள் வகுப்பில் சொன்னது தூரத்தைப் பற்றியது. கிட்டே இருப்பது பெரிது, எட்ட இருப்பது சிறிது, மங்கல். நல்ல முறைதான். ஆனால் தூரத்தை அளப்பதற்கு முன்பே கண் இன்னொரு வேலையை முடித்துவிடுகிறது: எதிரே இருக்கிற பரப்பில் எது உருவம், எது அதற்குப் பின்னால் கிடக்கிற வெறும் தளம் என்று பிரித்துவிடுகிறது. டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். அவருடைய ஜாடிப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு ஜாடி, கொஞ்சம் பார்வை மாறினால் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு முகங்கள். அந்த ஓரக்கோடு ஜாடிக்கும் முகத்துக்கும் பொதுவானது. ஜாடி தெரியும்போது கோடு ஜாடிக்குச் சொந்தம், மற்றதெல்லாம் அதன் பின்னால் வடிவமில்லாமல் நீண்டுகொண்டே போகிற ஏதோ ஒன்று. முகங்கள் தெரிந்தவுடன் கோடு அவற்றுக்குப் போய்விடுகிறது, ஜாடி இருந்த இடம் வெற்றிடமாகிவிடுகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், ஒரு நேரத்தில் ஒருவர் பேரில்தான் பட்டா.

சரி, இதை வைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்கு வருவோம். ஏறக்குறைய நூறு அடி நீளப் பாறை, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து வேலை. தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், சிங்கங்கள், யானைகள் எல்லாம் ஒரே பாறை முகத்தில். மேலே இருப்பதால் யாரும் தொலைவில் இருப்பவராகிவிடவில்லை, யாரும் மங்கவும் இல்லை, பெரிய யானை கிட்டத்தட்ட நிஜ யானை அளவுக்கே நிற்கிறது. உங்கள் வகுப்புக் கணக்கு இங்கே செல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு இருக்கிறதே, கவனித்தீர்களா? அது பாறையில் இயற்கையாக இருந்த பிளவு. வேறு யாராவது இருந்தால் அதைத் தொந்தரவாக நினைத்து ஒதுக்கியிருப்பார்கள். பல்லவச் சிற்பிகள் நாகர்களை அதற்குள்ளேயே வைத்தார்கள். இரண்டு பக்கக் கூட்டமும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், பிளவை நோக்கித்தான்.

இது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று வெகுகாலமாக ஒரு விவாதம் நடக்கிறது. அறிஞர்கள் இரண்டுக்கும் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் இப்போது போகவில்லை. எனக்கென்னவோ அந்த விவாதமே ரூபினின் ஜாடி போலத்தான் படுகிறது. பிளவைப் பாறையின் வெடிப்பு என்று விட்டுவிட்டால் கண் இடதுபக்கம் போய் நிற்கும். அங்கே கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் ஒரு தவசி, பக்கத்தில் வரம் தருகிற சிவன். அப்போது அவன் சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்கிற அர்ச்சுனன். பிளவையே உருவமாகப் பார்த்தால் அது கங்கை, நாகர்கள் அந்த நீரில் இருக்கிறார்கள், கூட்டமெல்லாம் நதி இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம், அதே தவசி கங்கையைப் பூமிக்கு இறக்கத் தவமிருந்த பகீரதன். ஓர் உளிக்கொத்துகூட மாறவில்லை. பிளவுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நான் பகீரதன் கட்சி. அத்தனை பேர் திரும்பியிருக்கிற இடம் காலியாக இருக்க முடியும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஜப்பானிய ஓவியர் ஹசேகாவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த பைன் மரத் திரைகளிலும் இப்படித்தான், மை படாத வெறும் தாள்தான் அங்கே மூடுபனி.

இன்னொன்று சொல்ல வேண்டும். யானைகளின் பக்கம் கீழே ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பிளவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தவசியின் அதே நிலை. முதல் தடவை போனபோது நான் யானையை மட்டும்தான் பார்த்தேன். அதன் அருகில் இருந்தது ஏதோ பாறைப் புடைப்பு என்று கடந்துவிட்டேன். அடுத்த தடவை பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் "பூனை, பூனை" என்று கத்தினான். அதற்கப்புறம் அவ்வளவு பெரிய யானை எனக்குப் பூனைக்குப் பின்னால் இருக்கும் சுவராகிவிட்டது, அன்று முழுக்க அப்படியே இருந்தது.

மறுபடி போவதாக இருந்தால் காலையில் போங்கள். கிழக்கு பார்த்த பாறை, வெயில் நேராக விழும். நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவில் உள்ள இடத்தை வரை என்று ஒரு பயிற்சி உண்டு, உங்கள் வகுப்பில் ஒருவேளை தந்திருக்கலாம். அதை இங்கே செய்து பாருங்கள். தவசி வேண்டாம், யானை வேண்டாம், பிளவை மட்டும் அதன் இரண்டு ஓரங்களோடு மேலிருந்து கீழ்வரை பென்சிலில் வரையுங்கள். எந்த இடத்தில் எந்தக் கை, எந்தத் துதிக்கை அந்த ஓரத்தை வந்து தொடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசை.

அன்புடன்.