வாங்கும் முன் கேளுங்கள்: இரத்த ஓட்டத்துக்கு நொதியக் காப்ஸ்யூல்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம். கிளினிக்கில் அஸ்பிரின் தருகிறார்கள். சம்பள நாளன்று லயத்துக்கு வந்த ஒருவர், நட்டோகினேஸ் குடித்தால் இரத்தக்கட்டி கரையும், ஆஸ்பத்திரி மாத்திரையை விடுங்கள் என்று சொல்லி ஒரு போத்தலை 9,500 ரூபாய்க்கு விற்றார். பில் தரவில்லை. அப்பா நான்கு நாளாக அஸ்பிரின் போடவில்லை.
– வாசகி, பொகவந்தலாவை

இன்றைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போங்கள் அம்மா. போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துப்போங்கள். பக்கவாதம் கண்டவர் அஸ்பிரினைத் திடீரென நிறுத்தினால் மறுபடியும் அடைப்பு வரும் ஆபத்து கூடும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரத்தக்கசிவு வரலாம். அதனால் நீங்களாக எதையும் முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நோயாளி இருக்கிற வீடு எது, கையில் காசு வரும் நாள் எது என்று பார்த்து வருகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நட்டோகினேஸ் என்பது ஜப்பானியர் சாப்பிடும் நட்டோ என்ற புளித்த சோயாவிலிருந்து எடுக்கும் நொதியம். 1987இல் சுமி ஹிரோயுகி அதைப்பற்றி எழுதினார். சோதனைக் குழாயில் அது கட்டியைக் கரைப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 265 பேரை வைத்துச் சுமார் மூன்று வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. தினம் 2,000 அலகு குடித்தும் நாடிச்சுவர் தடிப்பது குறையவில்லை, இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. மாத்திரையை விடச்சொல்ல அந்த மனிதருக்கு என்ன ஆதாரம் இருந்தது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். பில் இல்லாவிட்டாலும் போத்தலின் லேபலும் அவருடைய போன் நம்பரும் உதவும்.

நொதியத் தூளைக் கொதிக்கிற பிளேன்டீயில் கலக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

கூடாது. கடும் சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும்.

போனில் பார்த்து மூன்றாவது போத்தலும் வாங்கிவிட்டேன். காலாவதித் திகதி முடிந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். பில்லை எறிந்துவிட்டேன். காசு திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், தலவாக்கலை

மூன்று போத்தல் வாங்கியும் ஒரு தடவைகூட லேபலைத் திருப்பிப் பார்க்கவில்லையா? நான் முழங்கால் வலிக்கு வாங்கிய புரோமெலைன் என்ற அன்னாசி நொதியப் போத்தலில் பழைய திகதிக்கு மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் காசைத் தர மறுத்தார். அன்றிலிருந்து திகதி, இறக்குமதியாளர் பெயர், நொதிய அலகு மூன்றையும் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. மில்லிகிராம் மட்டும் போட்டிருந்தால் நொதியம் எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியாது. நட்டோகினேஸ் என்றால் எஃப்யூ என்ற அலகு இருக்கவேண்டும். சரி, காசு அனுப்பிய வங்கிப் பதிவும் போனில் வந்த செய்திகளும் இருக்குமே. அவற்றோடு முறையிடுங்கள். போத்தலைத் திறக்காதீர்கள்.

பல் பிடுங்கப் போகிறேன். காப்ஸ்யூல் குடிப்பதை டொக்டரிடம் சொல்லவேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

கட்டாயம், நாள் குறிக்கும்போதே. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வோபரின் மாத்திரை குடிப்பவர் என்றால் இந்தக் காப்ஸ்யூலைத் தொடவே வேண்டாம்.