சோப்பைத் தொடுவதற்கு முன்: கறை பற்றிய கேள்வி பதில்

மதுரையில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு கடைக்கு வருகிற துணியில் மஞ்சளும் குங்குமமும்தான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளிலும் அவைதான் முதலில் நிற்கின்றன.

அண்ணே, வீட்டு விசேஷத்தில் ஆலத்தி எடுக்கும்போது அவர் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டுவிட்டது. சோப்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. சட்டை அவ்வளவுதானா? (திருநகர்)

சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி. ஆலத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால்தானே. சோப்பிலும் காரம் இருக்கிறது, அதனால்தான் உங்கள் சட்டையும் சிவந்தது. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். சீக்கிரம் மாற வேண்டுமென்றால் ஒரு சொம்புத் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து அந்த இடத்தில் ஊற்றுங்கள்.

மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும். துவைத்து, ஈரத்தோடு, கறை மேலே தெரிகிற மாதிரி மொட்டை மாடியில் போடுங்கள். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். குழம்பு மஞ்சள் என்றால் அதில் எண்ணெயும் இருக்கும். முதலில் பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தடவி எண்ணெயை எடுத்துவிட்டு, அப்புறம் வெயிலுக்குப் போங்கள். வெள்ளைப் பருத்திக்குத்தான் இந்த வைத்தியம். கலர் துணியை இப்படிப் போட்டால் சாயமும் சேர்ந்து வெளுத்துவிடும்.

பட்டுப் புடவையில் கோயில் குங்குமம் கொட்டிவிட்டது.

தண்ணீர் படவே கூடாது அம்மா. ஈரமாகும் வரை அது வெறும் பொடிதான். புடவையைத் தூக்கி உதறுங்கள், ஒட்டியிருப்பதைக் காய்ந்த மெல்லிய பிரஷால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள். ஈரக் கையால் துடைத்தால் பொடி நூலுக்குள் இறங்கிவிடும். அதற்கு மேலும் நிறம் நின்றால் டிரை வாஷுக்குக் கொடுத்துவிடுங்கள். பட்டுக்குப் பிளீச் வேண்டவே வேண்டாம், நூலையே அரித்துவிடும்.

மாமா, வாழைத்தார் வெட்டினபோது வேட்டியில் பால் பட்டு, காய்ந்ததும் கறுத்துவிட்டது. எதைப் போட்டாலும் போகவில்லை. (சோழவந்தான்)

காய்ந்து கறுத்த வாழைக்கறை முழுசாகப் போகாது மாப்பிள்ளை. போகும் என்று சொல்லி உங்களிடம் காசு வாங்க எனக்கு மனசில்லை. வாழைப்பால் படும்போது நிறமே தெரியாது, காற்றுப் பட்டு நேரம் ஆக ஆகத்தான் பழுப்பாகும். அந்த இடைவெளியில் தோட்டத்துத் தண்ணீரிலேயே சோப்பு போட்டு அலசிவிட்டால் பாதிக்கு மேல் தப்பிக்கலாம். வெள்ளை வேட்டிக்குப் பிளீச் கொஞ்சம் கை கொடுக்கும், ஆனால் நூல் இத்துப்போகும். தார் வெட்டப் போகையில் பழைய வேட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

சுங்குடிச் சேலையில் ஜிகர்தண்டா சிந்திவிட்டது. புதுச் சேலை, இன்னும் துவைக்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிகர்தண்டாவில் பால் இருக்கிறது, பாலாடை இருக்கிறது, நன்னாரி சர்பத்தின் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. சேலை சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியை வைப்பீர்கள், அந்தச் சூட்டில் சர்க்கரை கருகிப் பழுப்புத் திட்டாக எழும். இப்படி இஸ்திரி போட்ட பிறகு என்னிடம் வருகிற சேலைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

புதுச் சுங்குடி என்பதால் முதலில் சாயத்தைச் சோதியுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, சேலையின் உள்மடிப்பில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஒட்டவில்லை என்றால், கறை பட்ட இடத்தைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஓட விடுங்கள். முன்பக்கம் ஊற்றினால் பால் இன்னும் உள்ளே போகும். வெந்நீர் கூடாது, பாலின் புரதம் சூட்டில் உறைந்து நூலில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் திரவச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, கசக்காமல், விரலால் தட்டித் தட்டி அலசுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். நிழலில் காயட்டும். சாயம் ஒட்டினால் வீட்டில் கை வைக்காமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

மகளின் யூனிஃபார்மில் மாதவிடாய் ரத்தம். பிள்ளை வெட்கப்பட்டுச் சுருட்டி வைத்துவிட்டாள், இரண்டு நாள் ஆகிவிட்டது.

பிள்ளையைத் திட்டாதீர்கள் அக்கா, இதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை என்று சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு கை உப்புப் போட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். இங்கேயும் வெந்நீர் வேண்டாம். வெள்ளைத் துணியில் தடம் நின்றால், மெடிக்கல் ஷாப்பில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். விட்டதும் நுரைக்கும், நுரை அடங்கியதும் அலசிவிடலாம். கலர் துணி என்றால் ஓரத்தில் சோதித்துவிட்டு விடுங்கள்.

பையில் பால்பாயின்ட் பேனா கசிந்துவிட்டது, அண்ணே.

சட்டைப் பைக்குள் பழைய துணியை மடித்து வைத்து, மேலே சானிடைசரோ ஸ்பிரிட்டோ விட்டுப் பஞ்சால் ஒற்று தம்பி. மை கீழ்த்துணிக்கு இறங்கும், துணியை மாற்றி மாற்றி வை. தேய்த்தால் பரவும். ஜெல் பேனா என்றால் இந்த அளவுக்குப் போகாது.

கொடிக்கம்பியின் துருக்கறை. பிளீச் போட்டும் போகவில்லை. (வில்லாபுரம்)

பிளீச்சில் துரு போகாது, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துணியைப் பிளீச் வாடையே இல்லாமல் பல தடவை அலசிய பிறகுதான் எலுமிச்சையைத் தொட வேண்டும். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ பாத்ரூம் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அலசி முடித்ததும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் துணியில் மறுபடியும் பழுப்பு ஏறும், அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள். கொடிக்கும் நைலான் கயிறு வாங்கிக் கட்டிவிடுங்கள்.