ஜூலை மாசத்துல என்னங்க பனி?

கேள்வி: ரஷ்யாக்காரன் என்னிக்கு சண்டை போட்டு ஜெயிச்சான், குளிர்தானே அவனுக்கு ஜெயிச்சுக் குடுக்குது? நெப்போலியன், ஹிட்லருக்கு முன்னாடி போல்டாவாவுல ஸ்வீடன் ராஜா தோத்ததும் பனியாலதானே?

பதில்: போல்டாவா சண்டை நடந்தது 1709 ஜூலை 8. ரஷ்யாவோட பழைய காலண்டர்படி ஜூன் 27. எந்தக் காலண்டரை எடுத்தாலும் உக்ரைன்ல அது கோடைகாலம் சார்.

சரி, அதுக்கு முந்தின குளிர்காலத்தை சொல்றீங்கன்னு வச்சுக்கறேன். கொடூரமான குளிர்தான், ஐரோப்பாவையே உலுக்கிடுச்சு, ஸ்வீடன் ராஜா 12ஆம் சார்லஸோட சிப்பாய்ங்க ஆயிரக்கணக்குல செத்தாங்க. ஆனா அந்தக் குளிர்ல அவங்களைப் பட்டினியா கொண்டுபோய் நிறுத்தினது யாரு? லெவன்ஹாப்ட்னு ஒரு தளபதி சாப்பாடு, வெடிமருந்தெல்லாம் ஏத்திக்கிட்டு ஆயிரக்கணக்கான வண்டிங்களோட வந்துட்டே இருந்தார், கொஞ்சம் பொறுத்திருந்தா வந்து சேர்ந்திருக்கும், சார்லஸுக்குப் பொறுமையில்ல, உக்ரைன் பக்கம் திரும்பிட்டார். 1708 இலையுதிர் காலத்துல லெஸ்னயாங்கற ஊர்ல ரஷ்ய ராஜா பீட்டர் அவரை வழிமறிச்சு அடிச்சார். 12,000 பேருக்கு மேல கூட்டிட்டுக் கிளம்பின லெவன்ஹாப்ட் பாதிப் பேரோட, வண்டி ஒண்ணுகூட இல்லாம ராஜா முன்னாடி வந்து நின்னார். போல்டாவா வெற்றிக்குத் தாய் லெஸ்னயான்னு பீட்டர் பின்னாடி சொன்னது சும்மா இல்ல.

இப்ப சண்டைக்கு வாங்க. பத்து நாள் முன்னாடி கால்ல குண்டு வாங்கி சார்லஸ் ஸ்ட்ரெச்சர்ல கிடக்கார், பொறுப்பு ரேன்ஷோல்ட்ங்கற இன்னொரு தளபதி கைக்குப் போகுது, அவருக்கும் லெவன்ஹாப்ட்டுக்கும் ஆகவே ஆகாது. எதிர்ல பீட்டர் சின்னச் சின்ன மண்கோட்டையா பத்து போட்டு வச்சிருக்கார், ஆறு குறுக்கால, நாலு முன்னால நீட்டிக்கிட்டு. நிக்காம நடுவுல புகுந்து போயிடணும், அதான் ஸ்வீடன்காரங்க பிளான். அந்தப் பிளானை கீழ இருக்கறவங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல! ரூஸ்னு ஒரு ஜெனரல் மூணாவது கோட்டையைப் பிடிச்சே தீருவேன்னு ஏணிகூட இல்லாம திரும்பத் திரும்ப மோதினார், 2,600 பேர்ல ஆயிரம் பேர் அங்கயே போயிட்டாங்க, மத்த படை அந்தப் பக்கம் போய் ரூஸ் எங்க, ரூஸ் எங்கன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்துச்சு. கடைசியில 4,000 சொச்சம் காலாட்படை, கூட நாலே நாலு பீரங்கி, எதிர்ல 20,000 பேருக்கு மேல. அரை மணி நேரம்தான். (மிச்சம் இருந்த படை மூணே நாள்ல நீப்பர் ஆத்தங்கரையில சரணாகதி, சார்லஸ் கொஞ்சம் பேரோட துருக்கி எல்லைக்குத் தப்பிச்சுட்டார்.) இதுல பனி எங்கங்க வருது?

பனி உதவி பண்ணின சண்டை ஒண்ணு இருக்கு, ஆனா அது நீங்க நினைக்கிற ஆளுக்கில்ல. 1700ல நார்வாங்கற ஊர்ல பனிப்புயல் ரஷ்யாக்காரங்க மூஞ்சில அடிக்க, அதுக்குப் பின்னாலயே வந்து மூணு மடங்குக்கு மேல இருந்த படையை சிதறடிச்சது இதே சார்லஸ், அப்ப வயசு 18. பீட்டர் குளிரைத் திட்டிட்டு உக்காரல, சர்ச் மணிகளை உருக்கி பீரங்கி வார்த்தார், ஒம்போது வருஷம் படையைத் திரும்பக் கட்டினார்.

போல்டாவா முடிஞ்ச அன்னிக்கே பிடிபட்ட ஸ்வீடன் ஜெனரல்களை விருந்துக்குக் கூப்பிட்டு, "என் வாத்தியார்களுக்காக"ன்னு பீட்டர் கிளாஸைத் தூக்கினாராம். யாருங்க அந்த வாத்தியார்ங்கன்னு ரேன்ஷோல்ட் கேக்க, "நீங்கதான்"னாராம்.